விளையாட்டு வேளையைப் பறிப்பதா?

சென்ற வாரம் நம்மைக் காண வந்த ஒரு தாயார், தமக்குப் பாடசாலையிலிருந்து வந்த கடிதம் ஒன்றை நம் மேஜைமீது வைத்தார். அவருடைய ஏழு வயதுப் புதல்வன் ஆட்டிஸம் உடையவன். மைதானத்தில் அவன் பிற பிள்ளைகளுடன் கலவாது கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பதால், இனி விளையாட்டு வேளையில் அவனை வகுப்பிலேயே இருத்தி எழுதப் பழக்கப் போவதாகக் கடிதம் கூறிற்று. மிக மரியாதையான பாஷை. நல்லெண்ணத்துடனேயே எழுதியிருப்பர். ஆயினும் இதை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

சட்டத்தை முதலில் கூறிவிடுவோம். தொழிற்பழக்கம் எளிதில் விடுவதில்லை. 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்றுக்கொண்ட குறைபாடுகளுள் ஆட்டிஸம் இல்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டமே அதனை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன் 16-வது பிரிவு, பாடசாலைகள் இப்பிள்ளைகளுக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்க்குச் சமமான வாய்ப்பளிக்கச் சர்க்கார் முயல வேண்டும் என்கிறது. 'முயல வேண்டும்' என்பது மெலிந்த சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டு தப்புவது ஒரு பாடசாலைக்கு அழகன்று. 2007-ல் நமது தேசம் ஊர்ஜிதம் செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையும், 30-வது ஷரத்தில், இவ்வுரிமையைப் பாடசாலை விளையாட்டுக்கும் சேர்த்தே வழங்குகிறது.

கல்லை அடுக்குவதும் விளையாட்டாமோ என்று கேட்பவர் உண்டு. ஆம் என்போம். இரைச்சலும் நெரிசலும் மிகுந்த மைதானத்தில், தனக்கு விளங்கும் ஓர் ஒழுங்கை அக்குழந்தை தானே அமைத்துக்கொள்கிறது. அதைக் கலைத்து, "பந்தை எறி" என்று அதட்டுவதால் பயனில்லை. அருகிலமர்ந்து, நாமும் ஒரு கல்லை எடுத்து அவ்வரிசையின் கோடியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவன் திரும்பிப் பார்ப்பதே முதற் பேச்சு.

இது வெறும் கற்பனையன்று. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. தாய் தந்தையர் குழந்தையுடன் விளையாடுவதைப் படம் பிடித்து, அதை அவர்களுக்கே காட்டி, குழந்தையின் போக்கை அனுசரித்து நடக்கப் பயிற்றினர். பயிற்றியோர் நிபுணரல்லாத சாதாரண சுகாதார ஊழியர்களே. பெற்றோர் குழந்தைக்கு இசைந்து நடப்பது மிகுந்தது. குழந்தை தானாகத் தொடர்பு கொள்வதும் மிகுந்தது. இருவரும் ஒன்றிலேயே கருத்தூன்றியிருந்த நேரமோ குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதனை மந்திரக்கோலென்று எவரும் விற்க முற்படலாகாது.

விற்போரும் இல்லாமலில்லை. விளையாட்டையெல்லாம் சிகிச்சையாக்கி, மணிக்கணக்கிட்டுக் கட்டணம் வாங்கி, குழந்தை ஊஞ்சலாடினாலும் குறிப்பெழுதும் வழக்கம் பரவுகிறது. நல்ல பயிற்சியாளரை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகையும் ஒரு பிடி புளியங்கொட்டையும், உன் முறை என் முறை என்பதைப் பாட்டியின் மடியருகிலேயே கற்பிக்கக் கூடியவை. குழந்தைக்கு அலுத்தால் எழுந்து போகட்டும். விளையாட்டென்றால் அதற்கும் இடமுண்டு.

ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத பிள்ளைகளுக்குத் தண்டனையாக விளையாட்டு வேளையைப் பிடுங்குவதும் இத்தகைய பிழையே. ஓடவேண்டிய பிள்ளையை ஓடவிடாமல் வைத்து, பிறகு ஏன் துள்ளுகிறான் என்று கேட்பது என்ன நியாயம்?

எக்காரணத்தாலும் விளையாட்டு வேளையை ரத்து செய்யலாகாதெனக் கல்வி இலாகா எல்லாப் பாடசாலைகளுக்கும் உத்தரவிட வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் நிழலான, சந்தடியற்ற இடமொன்றை ஒதுக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேற்சொன்ன பாடசாலையின் தலைமையாசிரியரும் தமது கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அச்சிறுவனுடன் கல்லடுக்க விரும்பும் ஒரு பிள்ளையைத் தேடித் தருவாரென எதிர்பார்க்கின்றோம்.