காணிப்பாக்கத்துல சத்தியம், டிராக்குல முள்ளு

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப, சித்தி பையன் வாங்கின புது காருக்குப் பூஜை போட காணிப்பாக்கம் போனோம். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன்: சித்தூர்லேர்ந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர், பாகுதா ஆத்தங்கரை, கிணத்துக்குள்ள சுயம்புவா இருக்குற வரசித்தி விநாயகர். கொடுக்கல் வாங்கல் தகராறுன்னாலும் சரி, குடியை விடணும்னாலும் சரி, அந்தச் சுத்துவட்டாரத்துல "வா, காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணு"ன்னுதான் சொல்லுவாங்க. அங்க பொய் சத்தியம் பண்ண எவனுக்கும் தைரியம் வராது.

பானெட்ல குங்குமம், முன்னாடி மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம்னு எல்லாம் முறைப்படி முடிஞ்சுது. சித்தி அர்ச்சனைத் தட்டோட அந்தப் பக்கம் நகர்ந்ததும் பையன் என் காதுல வந்து கிசுகிசுத்தான். "அண்ணா, அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டை டிராக்ல இந்தக் காரை ஓட்டப் போறேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. டயர் மாத்தியாச்சு, பிரேக் பேடு மாத்தியாச்சு, எக்ஸாஸ்ட்டும் ஆர்டர் பண்ணிட்டேன்."

"ஆயில் பிரஷர் எப்படிடா பார்ப்பே?"

"அதுக்குத்தான் டேஷ்போர்டுல சிவப்பு லைட் இருக்கேண்ணா!"

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவு. ஏன்னா நானும் ஒரு காலத்துல இதே பதிலைச் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கலிஃபோர்னியாவுல ஆணி புடுங்க வந்த புதுசுல, பழைய ரெண்டு சீட் கார் ஒண்ணு வாங்கி லகுனா சேகா டிராக்குக்குப் போக ஆரம்பிச்சேன். 3.6 கிலோமீட்டர், 11 வளைவு. 'கார்க்ஸ்க்ரூ'ன்னு ஒரு இடத்துல ஆறு மாடி உயரத்துலேர்ந்து குதிக்கிற மாதிரி ரோடு இறங்கும். எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுவாங்க. என் இன்ஜினுக்குச் சங்கு ஊதினது அது இல்லை, ரெண்டாவது வளைவு. இடது பக்கம் நீளமாச் சுத்துற ஹேர்பின். மத்தியான வெயில்ல மூணாவது ரவுண்டு போறேன். ஆயில் பிரஷர் முள்ளு நடுவுல ஜம்முன்னு நிக்குது. வளைவை விட்டு வெளிய வர்றப்ப, அடியில யாரோ சுத்தியலால தட்டுற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

இன்ஜினைப் பிரிச்சப்ப கனெக்டிங் ராடு பேரிங்ல செம்பு தெரிஞ்சுது. மெக்கானிக் இன்னொண்ணும் காட்டினார். அந்த முள்ளு உண்மையான மீட்டரே இல்லையாம்! உள்ள இருந்தது வெறும் சுவிட்ச். கொஞ்சமாவது பிரஷர் இருந்தா முள்ளு நடுவுல போய் உக்காந்துக்கும். 1 பார் இருந்தாலும் நடுவுதான், 4 பார் இருந்தாலும் நடுவுதான். லைட்டுக்கு மீட்டர் வேஷம் போட்டு விட்டிருக்காங்க. தங்கமணி பில்லைப் பார்த்துட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

இப்ப ஏன் அந்தச் சிவப்பு லைட்டை நம்பக் கூடாதுன்னு பார்ப்போம். பெரும்பாலான கார்ல ஆயில் பிரஷர் 0.3லேர்ந்து 0.5 பார் அளவுக்கு விழுந்தாத்தான் அது எரியும். இன்ஜின் சும்மா ஓடிக்கிட்டு இருக்குறப்ப அது சரியான எச்சரிக்கை. ஆனா 6000 ஆர்.பி.எம்.ல பழைய கணக்குப்படி ஆயிரத்துக்கு 10 பி.எஸ்.ஐ. வேணும், அதாவது 60. பார் கணக்குல 4க்குக் கொஞ்சம் மேல. அது 1.5 பாருக்கு விழுந்தா பேரிங் செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். லைட் அப்பவும் அணைஞ்சேதான் இருக்கும். அது எரியறப்ப நீங்க பார்க்கிறது எச்சரிக்கை இல்லைங்க, இரங்கல் செய்தி.

பிரஷர் ஏன் விழுது? ரெண்டு காரணம். முதல் காரணம் வளைவு. நல்ல டயர் போட்ட கார் வளைவுல கிட்டத்தட்ட 1 ஜி விசையைத் தாங்கும். அப்ப சம்ப்ல இருக்குற ஆயில் 45 டிகிரி சாய்ஞ்சு ஒரு பக்கச் சுவத்துல ஏறி நிக்கும். வளைவு நீளமா இருந்தா ஆயிலை உறிஞ்சுற குழாய்க்கு ஆயிலுக்குப் பதிலா காத்துதான் கிடைக்கும். ரேஸுக்குன்னே செய்யற கார்ல டிரை சம்ப் வெச்சு, ஆயிலைத் தனி டேங்க்ல சேர்த்து வைக்கிறது இதுக்குத்தான். நம்ம ரோட்டு கார்ல அந்த வசதி கிடையாது. புது டயர் போட்டு வளைவுல வேகமாப் போகப் போக இந்த ஆபத்து ஏறுதே தவிர குறையலை. டயருக்குக் காசு போட்டவன் மீட்டருக்கும் போட்டே ஆகணும்.

ரெண்டாவது காரணம் சூடு. ஆயில் சூடாகச் சூடாக இளகும், இளகினா பிரஷர் குறையும். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. தண்ணி டெம்பரேச்சர் முள்ளு நடுவுல நிக்குது, அப்ப எல்லாம் சரின்னு நினைச்சுக்கிறாங்க. நிறைய கார்ல அந்த முள்ளு சுமார் 75லேர்ந்து 105 டிகிரி வரைக்கும் அசையவே அசையாது. ஓட்டுறவர் வீணா பயப்படக் கூடாதுன்னு கம்பெனியே அப்படி அமைச்சு வெச்சிருக்கு. அதோட, தண்ணி சூடாகி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஆயில் சூடாகும். டிராக்ல ஆயில் 100லேர்ந்து 120 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதி. 130 தாண்டினா வேகத்தைக் குறைச்சு ஒரு ரவுண்டு ஆற விட்டு உள்ள வந்துடணும். அதே மாதிரி 80 டிகிரிக்குக் கீழ இருக்குறப்ப மிதிக்கவும் கூடாது. அப்ப ஆயில் கெட்டியா இருக்கும், பிரஷர் முள்ளு உசரத்துல நிக்கும், பார்க்க அழகா இருக்கும், ஆனா போக வேண்டிய இடத்துக்கு ஆயில் ஒழுங்காப் போகாது. அதனாலதான் ஒரு மீட்டரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது, ரெண்டும் சேர்ந்தாத்தான் உண்மை தெரியும்னு சொல்றேன்.

"கார் பண்றவன் எல்லாம் முட்டாளா? இப்ப வர்ற கார்ல கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சுக் காப்பாத்திடுமே?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். முட்டாள் இல்லைங்க, அவங்க ரோட்டுக்காகப் பண்ணியிருக்காங்க. ரோட்டுல யாரும் இருபது நிமிஷம் விடாம 6000ல ஓட்டுறதில்லை. ஆயில் சூட்டைத் திரையில காட்டுற கார் இப்ப நிறைய வந்தாச்சு, ஆனா பிரஷரைக் காட்டுறது கம்மி. சில புது இன்ஜின்ல ஆயில் பம்ப்பே தேவைக்கேத்த மாதிரி பிரஷரைக் கூட்டிக் குறைச்சுக்கும், அங்க அந்த 10 பி.எஸ்.ஐ. கணக்கு செல்லாது. அதனால உங்க இன்ஜினோட வழக்கமான எண் என்னன்னு நீங்களே ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க: எத்தனை டிகிரியில, எத்தனை ஆர்.பி.எம்.ல, எவ்வளவு பிரஷர். ரெண்டு தடவை எழுதினா மூணாவது தடவை வித்தியாசம் தானா கண்ணுல படும்.

டிராக்ல முள்ளையே பார்த்துக்கிட்டு ஓட்ட முடியாது. பிரஷர் 2 பாருக்குக் கீழ விழுந்தா எரியற மாதிரி பெரிய லைட் ஒண்ணு கண்ணுக்கு நேரா மாட்டுங்க. 3000 ஆர்.பி.எம்.க்கு மேலதான் அதை மதிக்கணும், சும்மா நிக்கிறப்ப எரியத்தான் செய்யும். நேர் ரோட்டுல ஒரு பார்வை, நீளமான வளைவு முடிஞ்சதும் ஒரு பார்வை, போதும்.

எங்க மாமா சித்தூர்லேர்ந்து பெங்களூருக்கு வெல்லம் ஏத்திட்டுப் போற லாரி ஓட்டினவர். மொகிலி மலைப்பாதையில ஏறுறப்ப அடிக்கடி முள்ளைப் பார்ப்பார், அது இறங்கினா ஓரங்கட்டிடுவார். அவர் தெர்மோடைனமிக்ஸ் எல்லாம் படிச்சதில்லை. லாரி நின்னா வீட்டுல உலை வைக்க முடியாதுங்கறது மட்டும் அவருக்குத் தெரியும். நாம பொழுதுபோக்குக்கு ஓட்டுறோம். அதனாலதான் இந்த அலட்சியம்.

இது வெறும் காசு விஷயமும் இல்லை. ராடு உடைஞ்சு பிளாக்கைப் பொத்துக்கிட்டு வந்தா, கொதிக்கிற ஆயில் உங்க பின் டயர்லயும் ரோட்டுலயும் கொட்டும். பின்னாடி 150ல வர்றவனுக்கு அது தெரியாது. அவனுக்கும் வீட்டுல ஒரு சித்தி இருப்பாங்க.

காணிப்பாக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கண்ணு தெரியாத ஒருத்தர், காது கேக்காத ஒருத்தர், வாய் பேச முடியாத ஒருத்தர்னு மூணு அண்ணன் தம்பிங்க கிணறு தோண்டினப்பதான் சாமி கிடைச்சுதாம். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, அடுத்த வளைவை மட்டுமே பார்த்துக்கிட்டு, பேச வாயில்லாத இன்ஜினை மிதிக்கிற நாம அந்த மூணு பேரும் சேர்ந்த ஆளு. அவங்களுக்காவது சாமி வந்து காப்பாத்தினார். நமக்கு ரெண்டு மீட்டர்தான்.

அன்னிக்குக் கோயில் வாசல்ல பையன்கிட்ட கேட்டேன். "ரெண்டு மீட்டரும் மாட்டாம டிராக்குல இறங்க மாட்டேன்னு சொல்லு பார்ப்போம்."

சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்கினவன், எங்க நிக்கிறோம்னு அப்புறம்தான் கவனிச்சான். கை அப்படியே நின்னுடுச்சு.

"இங்க வேணாம்ணா. இங்க சொன்னா அப்புறம் மாத்த முடியாது."

"அதுக்குத்தான்டா இங்க கேக்கறேன்."

கொஞ்ச நேரம் காரைப் பார்த்தான். அர்ச்சனைத் தட்டோட வந்துக்கிட்டு இருந்த அம்மாவைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

எக்ஸாஸ்ட் ஆர்டரைக் கேன்சல் பண்ணி, அந்தக் காசுல மீட்டர் வாங்கிட்டான்.