அனுப்பினால் போதுமா?

தூது விடுவதைத் தனி இலக்கியமாகவே வளர்த்தவர்கள் நாம். அன்னம், கிளி, மேகம், தென்றல் எனப் பலவற்றையும் தூது அனுப்பினர் நம் புலவர்கள். வள்ளுவப் பெருந்தகையோ 69-ஆம் அதிகாரத்தையே தூதுக்கென ஒதுக்கினார். ஆனால் தூதின் பயன் புறப்படுவதில் இல்லை. அனுமன் கணையாழியுடன் கிளம்பியதோடு இராமன் மனம் ஆறிவிடவில்லை; திரும்பி வந்து சேதி சொன்ன பிறகே ஆறியது. இன்றைய தூதாகிய மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும் என்பதே என் கருத்து.

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் முதல் கூடுவாஞ்சேரி வரை, சிறிதும் பெரிதுமாக எத்தனை நிறுவனங்கள்! விலைப்புள்ளி, ஆர்டர், பில், நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு எல்லாம் மின்னஞ்சலில்தான் போகின்றன. தந்தி 2013 ஜூலையில் விடைபெற்றது. பதிவுத் தபாலும் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. பதிவுத் தபாலில் பெற்றவரின் கையெழுத்துடன் ஒப்புகை அட்டை திரும்பி வரும். மின்னஞ்சலில் அப்படியொரு உறுதி உண்டா?

ஓரளவே உண்டு. ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய விதிமுறைப்படி, கடிதத்தைப் பெறும் சர்வர் ஓர் எண்ணால் விடை சொல்லும். 250 என்றால் 'ஏற்றுக்கொண்டேன்'. 4-இல் தொடங்கினால் 'பிறகு வா'. அனுப்பிய சர்வர் கடிதத்தை வரிசையில் வைத்து, நான்கைந்து நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் மறுப்பு. அனுப்பியவருக்கு அறிவிப்பு திரும்பி வரும். இம்மூன்றையும்விடக் கொடியது ஒன்று உண்டு. 250 என்று ஏற்றுக்கொண்டு, கடிதத்தை ஸ்பேம் பெட்டியில் போட்டுவிடுவது! அனுப்பியவருக்கு அறிவிப்பும் இல்லை. பெறுபவருக்கு ஐயமும் இல்லை. ஜிமெயிலில் 30 நாட்கள் கழித்து அது தானாகவே அழிந்தும் போகும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஏழை மாணவனின் அழைப்பு அதற்குள் கிடந்தால், அவன் தன் தகுதியையல்லவா நொந்துகொள்வான்!

'கணினிதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமே, மனிதன் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நம் பக்கத்து ஊரிலேயே விடை இருக்கிறது. கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் தலைமையகம் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2008 முதல் மின்னஞ்சல் சேவை நடத்துகிறது. 2018 செப்டம்பர் 24 அன்று அதன் இணையப் பெயரையே, அதைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் முடக்கிவிட்டது. ஜோஹோ அஞ்சலைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதங்கள் அனுப்பியதாகப் புகார் எழுந்ததே காரணம். பெயர் முடங்கியதால் வாடிக்கையாளர் பலர் சேவையை அணுக முடியாமல் தவித்தனர். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு டுவிட்டரில் வெளிப்படையாக உதவி கேட்க நேர்ந்தது. பின்னர் பெயர்ப் பதிவு வேறு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

இதில் நாம் கற்கும் பாடம் என்ன? வீட்டுக்குள் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தெருவிலிருந்து நம் வீடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த நிறுவனம் இன்று மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சலைத் தாங்குகிறது என்னும்போது பொறுப்பின் அளவு விளங்கும்.

சிறு நிறுவனங்களும் இக்காவலைச் செய்யலாம், பெருஞ்செலவு இல்லை. வரிசையில் எத்தனை கடிதங்கள் தேங்கியுள்ளன, எந்த எண்ணோடு எவை திரும்பின என்று நாள்தோறும் காலையில் பார்க்க வேண்டும். ஜிமெயில், யாஹூ போன்றவற்றில் தாமே கணக்கு தொடங்கி, சோதனைக் கடிதம் அனுப்பி, அது எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். நம் சர்வரின் முகவரி தடைப்பட்டியலில் ஏறியுள்ளதா என்றும் தேட வேண்டும். நாளொன்றுக்கு 5000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் தம் பெயர் போலியல்ல என்று எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் விதி. ஸ்பேம் என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கமாகப் பதில் எழுதுபவர் திடீரென மௌனமானால் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த மௌனத்தை ஐயுறுவது இயந்திரத்தைவிட மனிதனுக்கே எளிது.

இது பொறியியல் பட்டதாரிகளின் தனிச்சொத்தன்று. பொறுமையும் ஒழுங்கும் மொழியறிவும் உள்ள கலைக்கல்லூரி மாணவனும் மாணவியும் சில மாதப் பயிற்சியில் கற்கக்கூடிய தொழிலே. இதை நம் கல்லூரியிலேயே ஒரு சான்றிதழ்ப் பயிற்சியாக நடத்தினால் என்ன? நாள்தோறும் மின்தொடர் வண்டியேறி வேலை தேடிச் செல்லும் நம் நண்பர்களுக்கு, ஏறும் நிலையத்தின் பக்கத்திலேயே வேலை காத்திருக்கலாம்.

அனுப்பியவன் கடமை, சேர்ந்தது என்று தெரியும்வரை முடிவதில்லை. இவ்வுணர்வு நம் அலுவலகங்களில் வேரூன்றட்டும்!