கோட்டின் வண்ணமும் ஒரு தகவல்தான்

ஆய்வறிக்கைக்கு வரைபடம் போடும்போது நாம் அச்சுகளுக்குப் பெயரிடுகிறோம், அலகுகளைச் சரிபார்க்கிறோம். கோடுகளின் வண்ணத்தை மட்டும் மென்பொருளின் கையில் விட்டுவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் வாரந்தோறும் தரவுகளோடு பழகும் மாணவி என்ற முறையில் சொல்கிறேன்: வண்ணம் அலங்காரமன்று, அதுவும் ஒரு தகவல்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நாம் வரையும் கோடுகளுக்கு இடையே வரிசைமுறை உண்டா?

சிங்கப்பூரின் எம்ஆர்டி வரைபடத்தைப் பாருங்கள். வடக்கு-தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு-மேற்குத் தடம் பச்சை, வடகிழக்குத் தடம் ஊதா. இவற்றில் ஒன்று மற்றொன்றைவிடப் பெரியதுமில்லை, சிறியதுமில்லை. எனவே முற்றிலும் வெவ்வேறான வண்ணங்கள் பொருந்துகின்றன.

ஆனால் 50, 60, 70, 80, 90 டிகிரி செல்சியசில் தொடங்கி நீர் எப்படிக் குளிர்கிறது என்று ஐந்து கோடுகள் வரைந்தால், அங்கே வரிசை உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொரு கோட்டுக்கும் வாசகர் ஓரத்துக் குறிப்பைத் தேட வேண்டியிருக்கும். அதற்குப் பதில், அடர்நிறத்தில் தொடங்கிப் படிப்படியாக வெளிர்நிறமாகும் ஒரு வண்ணப்பட்டையிலிருந்து சம இடைவெளியில் ஐந்து நிறங்களை எடுத்துப் பாருங்கள். எந்தக் கோடு அதிகச் சூட்டில் தொடங்கியது என்பதை வண்ணமே சொல்லிவிடும்.

எல்லா வண்ணப்பட்டைகளும் இதற்கு உதவுவதில்லை. வானவில் போன்ற 'ஜெட்' பட்டை நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. அதன் இரு முனைகளும் அடர்த்தி, நடுப்பகுதி பளிச்சென்றிருக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மேட்லேப் 2014இல் ஜெட்டைத் தன் இயல்பு அமைப்பிலிருந்து நீக்கியது. மேட்பிளாட்லிப் 2017இல் வெளியிட்ட 2.0 பதிப்பில் 'விரிடிஸ்' பட்டைக்கு மாறியது. விரிடிஸின் ஒளிர்வு ஒரே சீராக உயர்கிறது. ஒரு கவனம் மட்டும் தேவை: அதன் கடைசி மஞ்சள் வெள்ளைத் தாளில் மங்கிவிடும். கோடுகளுக்கு அந்த முனையைத் தவிர்ப்பது நல்லது.

இது வெறும் ரசனைப் பிரச்சினை அன்று. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்துவதில் சிரமம் உண்டு. நம் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். வண்ணத்தை மட்டும் நம்பிய வரைபடம் அவரை வெளியே நிறுத்திவிடுகிறது. எம்ஆர்டி வரைபடத்தில் நிறத்தோடு ஒவ்வொரு நிலையத்துக்கும் 'என்எஸ்', 'இடபிள்யூ' என எழுத்துக் குறியீடும் இருக்கிறது. நாமும் கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதலாம். ஒன்றைத் தொடர்கோடாகவும் இன்னொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரையலாம். பத்துக் கோடுகளுக்கு மேல் போனால் பல மென்பொருள்களில் நிறங்கள் திரும்ப வரத் தொடங்கும். அப்போது முக்கியமான ஒன்றை மட்டும் வண்ணத்தில் காட்டி, மற்றவற்றைச் சாம்பலாக்குவதே தெளிவு.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்துக்கு மதிப்பெண் இடும்போது, அதைக் கறுப்பு வெள்ளையிலும் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். மாணவர்களே, அறிக்கையை ஒப்படைக்கும் முன் அந்தச் சோதனையை நாமே செய்துவிடலாம். கைப்பேசியின் கறுப்பு வெள்ளை வடிகட்டி போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது.