ஏட்டில் இலவசம், வீட்டில் கடன்

1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தது. பல்கலைக்கழகத்திலும் கட்டணம் ஒழிந்தது. கமக்காரன் மகனும் மருத்துவனாகலாம் என்ற நிலை அதனால் வந்ததே என்பதை எவரும் மறுக்கார்.

ஆயின், கட்டணம் இல்லையென்றால் செலவும் இல்லையென்று ஆகிவிடுமா? முல்லைத்தீவிலிருந்து பேராதனைக்குச் செல்லும் மாணவி உண்ண வேண்டும், உறைய வேண்டும், நூலும் கணினியும் வாங்க வேண்டும். இத்தகைய வறிய மாணவருக்கெனவே 1981இல் மகாபொல நிதியம் அமைக்கப்பெற்றது. அதன் மாத உதவி பல ஆண்டுகளாக 5,000 ரூபா அளவிலேயே நின்றது. 2022இல் நாடு வங்குரோத்தடைந்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோதும் அத்தொகை அசையவில்லை. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேதான் அது 7,500 ரூபாவாயிற்று. இடைப்பட்ட குறையை நிரப்பியது யார்? அரசாங்கமா? அன்று. அடகு சென்ற தாயின் நகையும், ஈட்டுக்குப் போன தந்தையின் காணியுமே!

“பணம் எங்கே?” என ஆட்சியாளர் வினவுவர். தனியார் நிறுவனங்களில் பட்டம் பயில்வோரின் கடனுக்குரிய வட்டியை 2017இல் ஏற்க முன்வந்தது அரசாங்கந்தானே? அவ்வுதவியை நாம் குறைகூறவில்லை. மனமிருந்தால் பணம் பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

மாணவர் உதவித்தொகை அமைச்சரின் தயவன்று, உரிமை. விலைவாசி ஏறும்போது அதுவும் தானாக ஏறுமாறு சட்டம் இயற்றப்படல் வேண்டும். மாதந்தோறும் தவணை தவறாது வழங்கப்படல் வேண்டும். நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவு விவாதத்தில் இக்கோரிக்கையை எழுப்புவார்களாக. வாயிலைத் திறந்து வைத்து, வழிச்செலவை மறுப்பது இலவசக் கல்வியாகாது.