பழைய கைப்பேசியில் எத்தனை பவுன்?

தங்கம் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வானொலி நிலையத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இரண்டு வகைக் கேள்விகள் வரும். "இப்போ வாங்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" என்பது ஒன்று. அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சொல்லி, மறுநாள் விலை இறங்கினால் திட்டு வாங்குவது யார்? இன்னொன்று, "பழைய போன், கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் தங்கம் இருக்காமே, எவ்வளவு தேறும்?" இதற்குத் தாராளமாகப் பதில் சொல்லலாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். கழித்தலும் தெரிந்தால் கைக்காசு தப்பும்.

தங்கம் இருப்பது உண்மை. தங்கம் துருப்பிடிக்காது, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால்தான் சிம் கார்டு உட்காரும் இடம், கணினி ரேமின் விளிம்பில் பல்வரிசைபோல் தெரியும் தொடுமுனைகள் ஆகியவற்றில் தங்க முலாம் பூசுகிறார்கள். பல சிப்புகளுக்குள் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளும் உண்டு. ஈயம் கலக்காத பற்றுகளில் கொஞ்சம் வெள்ளி இருக்கும். பழைய காலத்து மின்தேக்கிகளில் பல்லேடியம் இருக்கும். செம்பு எல்லா போர்டிலும் இருக்கிறது.

கேள்வி, இதெல்லாம் எவ்வளவு என்பதுதான்.

ஒரு போன், ஒரு கணக்கு

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2006இல் ஒரு கணக்கை வெளியிட்டது. மின்கலம் நீக்கிய, 113 கிராம் எடையுள்ள சராசரிக் கைப்பேசி ஒன்றில் செம்பு 16 கிராம், வெள்ளி 0.35 கிராம், தங்கம் 0.034 கிராம், பல்லேடியம் 0.015 கிராம் இருக்கும் என்றது அது.

விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், எளிதாகக் கணக்குப் போட ஒரு விலையை நாமே வைத்துக்கொள்வோம். தங்கம் கிராம் 500 ரிங்கிட், வெள்ளி கிராம் 5 ரிங்கிட், பல்லேடியம் கிராம் 150 ரிங்கிட், செம்பு கிலோ 40 ரிங்கிட். நீங்கள் படிக்கும் நாளின் விலையைப் போட்டும் பார்க்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

தங்கம் 17 ரிங்கிட். பல்லேடியம் 2 ரிங்கிட் 25 சென். வெள்ளி 1 ரிங்கிட் 75 சென். செம்பு 64 சென். மொத்தம் 21 ரிங்கிட் 64 சென். 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு இப்படிப்பட்ட 235 போன்கள் வேண்டும். அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால்தான்!

இது பொத்தான் போன் காலத்துச் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. தங்கம் விலை ஏற ஏற, தயாரிப்பாளர்களும் சிக்கனமாகிவிட்டார்கள். முலாம் மெலிந்தது. பல சிப்புகளில் தங்கக் கம்பியின் இடத்தைச் செம்புக் கம்பி பிடித்துக்கொண்டது. 1995இல் வந்த பென்டியம் புரோ செயலியைப் பழைய சாமான் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் தேடுவதற்குக் காரணம், அதில் தாராளமாகத் தங்கம் போட்டிருந்ததுதான். அதைக் காட்டும் காணொளியை நம்பி, வீட்டிலுள்ள மடிக்கணினிக்கு விலை போடக்கூடாது.

மினுக்கம் எடை சொல்லாது

தொடுமுனைகள் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் நமக்குக் கை பரபரக்கும். ஆனால் முலாமின் மதிப்பு நிறத்தில் இல்லை, தடிமனில் இருக்கிறது. பரப்பளவைத் தடிமனால் பெருக்கி, அதைத் தங்கத்தின் அடர்த்தியான 19.3ஆல் பெருக்கினால் எடை கிடைக்கும்.

ஒரு ரேமில் இரு பக்கமும் சேர்த்து 5 சதுர சென்டிமீட்டர் முலாம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல முலாம் 0.75 மைக்ரான் தடிமன் இருக்கும். அது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அப்படியானால் தங்கம் 0.0072 கிராம், மதிப்பு 3 ரிங்கிட் 60 சென். அதே பரப்பில் 0.05 மைக்ரான் மட்டும் பூசியிருந்தால் மதிப்பு 24 சென். பதினைந்து மடங்கு வித்தியாசம். கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள்தான்.

தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தங்கப் பதக்கத்தின் எடை ஏறத்தாழ 556 கிராம். அதில் தங்கம் 6 கிராமுக்குச் சற்று அதிகம், மற்றதெல்லாம் வெள்ளி. அந்தப் பதக்கங்களே பழைய மின்சாதனங்களிலிருந்து செய்யப்பட்டவை. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பானியர்கள் 78,985 டன் சாதனங்களையும், அவற்றுள் ஏறத்தாழ 62 லட்சம் கைப்பேசிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். சுமார் 5,000 பதக்கங்களுக்காக அதிலிருந்து எடுத்தது தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ, வெண்கலத்துக்கு 2,200 கிலோ. ஒரு நாடே சேர்ந்து மலையாகக் குவித்த கதை இது. நம் வீட்டு மேசை இழுப்பறையில் இருப்பது மூன்று போனும் ஒரு சார்ஜரும்.

அம்மாவின் சங்கிலி

இந்தக் கணக்கை வானொலியில் பேசிய வாரத்தில், கிள்ளானிலிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். வயது 27. தொழிற்சாலை வேலை போய் நான்கு மாதம். பழைய சாமான் வியாபாரி ஒருவர் 500 கிலோ போர்டுகளைக் கிலோ 18 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மொத்தம் 9,000 ரிங்கிட்.

"கிலோவுக்கு 0.3 கிராம் தங்கம்னு சொல்றாருக்கா. 500 கிலோன்னா 150 கிராம். 75,000 வெள்ளி வருது. அம்மா சங்கிலிய அடகு வச்சா 7,500 கிடைக்கும், கையில 1,500 இருக்கு. மூணு மாசத்துல மீட்டுடுவேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா, தம்பி?"

"அவங்கதான் கழட்டிக் கொடுத்தாங்க."

போர்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எங்கள் நிகழ்ச்சிக்கு முன்பு வந்திருந்த மறுசுழற்சிப் பொறியாளர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்ததும் சொல்லிவிட்டார். பழுப்பு நிறம், பெரிய டிரான்ஸ்பார்மர், தடித்த அலுமினியத் தகடுகள். எல்லாம் பழைய தொலைக்காட்சி போர்டுகள்.

வியாபாரி சொன்ன 0.3 கிராம் பொய்யான எண் இல்லை. அது கைப்பேசியின் எண். உலோகத் துறையினர் ஆய்வுகளில் வழக்கமாக எடுத்தாளும் அளவுகளின்படி, ஒரு டன் கைப்பேசியில் தங்கம் 300 முதல் 350 கிராம். கணினி போர்டில் 250 கிராம். தொலைக்காட்சி போர்டிலோ வெறும் 20 கிராம். வெள்ளி 280 கிராம், பல்லேடியம் 10 கிராம், செம்பு பத்தில் ஒரு பங்கு.

அரை டன்னுக்குப் போட்டோம். தங்கம் 10 கிராம், 5,000 ரிங்கிட். வெள்ளி 700. பல்லேடியம் 750. செம்பு 50 கிலோ, 2,000. மொத்தம் 8,450 ரிங்கிட். கேட்ட விலை 9,000. ஒரு சென்கூடச் செலவில்லாமல், ஒரு மில்லிகிராம்கூட விடாமல் எடுத்தாலும் நட்டம்.

பிறகு சங்கிலியின் எடையைக் கேட்டேன். 24 கிராம், 916 தங்கம். அதாவது 22 கிராம் சுத்தத் தங்கம். அவர் அம்மாவின் கழுத்தில் இருந்தது, அந்த அரை டன் குவியலில் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஏற்கெனவே புடமிட்டு, உருக்கி, அடித்து, முத்திரை குத்திய தங்கம். அதைக் கொடுத்துவிட்டு 10 கிராமைத் தேடப் போகிறார் தம்பி.

தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வியாபாரியிடம் உருக்காலையின் சோதனை அறிக்கை கேளுங்கள் என்றேன். கேட்டாராம். "வேற ஆள் வெயிட் பண்றாங்க" என்று பதில் வந்ததாம். சங்கிலி அடகுக்கடைக்குப் போகவில்லை.

செய்கூலி, சேதாரம்

நகை வாங்கும்போது செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று நம் வீட்டுப் பெண்கள் கேட்காமல் விடமாட்டார்கள். பழைய நகையைப் போடும்போது கல்லுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். மின்கழிவிலும் அதே கேள்விகள்தான்.

சுவீடனின் ரொன்ஷார், பெல்ஜியத்தின் ஹோபோக்கன் போன்ற இடங்களில் இதற்கான பெரிய உருக்காலைகள் இருக்கின்றன. சரக்கு வந்ததும் எடை போட்டு, நொறுக்கிக் கலந்து, மாதிரி எடுப்பார்கள். மாதிரியை ஈயத்தோடு உருக்கிப் புடமிடுவார்கள். ஈயமும் மட்ட உலோகங்களும் விலகிய பிறகு, மிஞ்சும் சிறு மணியில்தான் தங்கத்தின் உண்மையான அளவு தெரியும். நகைக்கடைகளில் வைத்திருக்கும் கதிர்ச் சோதனைக் கருவி இங்கே உதவாது. அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். முலாமைக் காட்டினால் ஏமாந்துவிடும்.

அளவு தெரிந்த பிறகு கழித்தல் ஆரம்பிக்கும். உலோகத்தில் ஒரு பங்குக்குப் பணம் இல்லை. உருக்கும் கூலி, சுத்திகரிப்புக் கூலி, கப்பல் செலவு, சோதனைச் செலவு எல்லாம் போகும். பணம் வர வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் தங்கம் விலை இறங்கினால் அந்த நட்டமும் நம் தலையில்தான். இந்தச் செலவெல்லாம் டன் கணக்கில் அனுப்புகிறவருக்குத் தாங்கும். அதனால், செத்துப்போன போனுக்குப் பழைய சாமான் கடைக்காரர் 3 ரிங்கிட் கொடுத்தால் அவரைத் திருடன் என்று நினைக்க வேண்டியதில்லை. 21 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட்டுக்கு வரும் வழியில் அத்தனை கைகள் இருக்கின்றன.

தமிழர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தச் சுரங்கத்தை 2001இல் மூடியபோது மண்ணுக்குள் தங்கம் தீர்ந்துவிடவில்லை. எடுக்கும் செலவு, கிடைக்கும் விலையைத் தாண்டிவிட்டது. தங்கம் இருப்பது வேறு, எடுத்தால் கட்டுப்படியாவது வேறு.

அடுப்பங்கரையில் வேண்டாம்

"கூலி, கப்பல் எதுவும் வேண்டாம், நாமே எடுத்துடலாம்" என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகம் தங்கத்தைக் கரைக்கும் என்பது உண்மைதான். அதிலிருந்து கிளம்பும் பழுப்பு நிறப் புகை நுரையீரலையும் பதம் பார்க்கும். முதலில் லேசான இருமல்தான் வரும். பல மணி நேரம் கழித்து மூச்சுத் திணறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். போர்டுகளை எரித்தால் வரும் புகையில் டயாக்சின் இருக்கும். பழைய பற்றுகளில் உள்ள ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 17 ரிங்கிட்டுக்கு இந்த விலை கட்டுப்படியாகாது.

சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் மின்கழிவு SW110 என்ற குறியீட்டின் கீழ், 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் அட்டவணையிடப்பட்ட கழிவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை உடைத்து உலோகம் பிரிப்பதைத் தொழிலாகச் செய்ய, சுற்றுச்சூழல் இலாகாவின் உரிமம் வேண்டும்.

அப்படியானால் இழுப்பறையில் இருப்பதை என்ன செய்வது? முதலில் இயக்கிப் பாருங்கள். வேலை செய்கிற பழைய போன், போனாக விற்றால் 100, 150 ரிங்கிட்கூடப் போகலாம். உலோகமாகப் பார்த்தால் 20 ரிங்கிட்கூடத் தேறாது. விற்க மனமில்லையென்றால் பள்ளிப் பிள்ளை யாருக்காவது கொடுங்கள். வேலை செய்யாதது என்றால், சிம்மையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, முடிந்தால் தகவல்களை அழித்துவிட்டு, அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள். மையங்களின் விவரத்தைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மின்கலம் உப்பியிருந்தால் குத்தவோ நெம்பவோ வேண்டாம். அதைத் தனியாகக் காட்டிக் கொடுங்கள்.

2022இல் உலகம் முழுவதும் 62 மில்லியன் டன் மின்கழிவு சேர்ந்தது என்கிறது ஐ.நா.வின் அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடுதான். மற்றது குப்பைமேட்டிலும், யாரோ ஒருவரின் கொல்லைப்புற நெருப்பிலும், நம் இழுப்பறைகளிலும் கிடக்கிறது. உங்கள் மூன்று போனால் நீங்கள் பணக்காரர் ஆகப் போவதில்லை. ஆனால் அதே போல் மூன்று லட்சம் போன் ஒரு நல்ல உருக்காலைக்குப் போய்ச் சேர்ந்தால், மேலே போட்ட கணக்கின்படி 10 கிலோ தங்கம். அவ்வளவு தங்கத்துக்கு மலையைக் குடைய வேண்டியதில்லை.

இந்த வார இறுதியில் இழுப்பறையைத் திறந்து பாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் செம்பு இருக்கிறது.