பட்டியல் மாறினால் பேச்சு மாறும்

பசிபிக் மாகடலின் ஃபிஜித் தீவுகளில் தேர்தல் எப்படி நடந்தால் நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் வழிவந்தோர் அங்கே வாழ்கின்றனர். நமக்கு அக்கறை வேண்டாமா?

1970இல் விடுதலை பெற்ற பின்னும் அந்நாட்டின் வாக்காளர் பட்டியல் இனவாரியாகவே இருந்தது. 1987இல் இந்தியரின் பேராதரவோடு ஓர் அரசு அமைந்தது. ஒரே மாதத்தில் இராணுவ அதிகாரி ரபுகா அதைக் கவிழ்த்தார். இந்தியர் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டு வெளியேறினர்.

அதே ரபுகா 1999 தேர்தலில், இந்தியரிடையே வேரூன்றிய தேசிய சம்மேளனக் கட்சியோடு கைகோத்தார். அப்போது 71 இடங்களில் 46 இனவாரியானவை. தன் இனத்தாரிடம் மட்டுமே வாக்குக் கேட்பவனுக்கு அண்டை வீட்டானோடு சமரசம் எதற்கு? சம்மேளனத்துக்கு ஓரிடமும் கிட்டவில்லை. ரபுகா கட்சிக்கு எட்டே இடங்கள்!

2013 அரசியல் சட்டம் எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. 2006இல் ஆயுத பலத்தால் ஆட்சியைப் பிடித்தவர்கள் தந்த சட்டந்தான். ஆயினும் பலனை மறுப்பதற்கில்லை. 2022இல் 55 இடங்களில் ரபுகாவின் புதிய கட்சி 21, சம்மேளனம் 5 பெற்று, மற்றொரு கட்சியின் துணையோடு ஆட்சியமைத்தன. 2023இல் ரபுகா பழைய செயலுக்கு மன்னிப்பும் கேட்டார்.

விஞ்ஞானம் பயிலும் எனக்கு, மனமாற்றத்தை அளக்கக் கருவி இல்லை. கணக்கு மாறியதும் பேச்சு மாறியதைக் காண்கிறேன், அது போதும்.

நம் வளாகத் தேர்தலிலும் ‘தமிழர் ஓட்டு எத்தனை?’ என்று எண்ணி வருவோர் உண்டு. எல்லா மொழியாரிடமும் ஒரே பேச்சைப் பேசத் துணிந்தவருக்கே நம் வாக்கு என்போம். அவர் தமிழராயினும் சரி, அல்லராயினும் சரி.