உருக்குமுன் படியுங்கள்!

துருப்பிடித்த துப்பாக்கியைப் பற்றி எழுதப் புறப்பட்டுவிட்டார்களே, அரிசி விலை இறங்கிவிட்டதா, ஆலைக் கதவுகள் திறந்துவிட்டனவா என்று தோழர்கள் கேட்கலாம். இறங்கவில்லை, திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறோம். தன்னை ஆண்டவன் எதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டான் என்பதை அறியாத மக்கள், நாளை வேறொருவன் வேறொரு கருவியோடு வந்து நின்றாலும் அறியமாட்டார்கள்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. இடையிடையே ஆங்கிலேயன் பிடித்துக்கொண்ட ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தாலும், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சிதான். சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. அந்த ஆட்சிக்குச் சாட்சி கேட்டால் தெருப்பெயரைக் காட்டுகிறோம். பழைய பத்திரத்தைக் காட்டுகிறோம். இந்தோசீனாவுக்குப் போய் வந்த சொல்தாவின் பென்சன் காகிதத்தைக் காட்டுகிறோம். ஆட்சியைத் தாங்கி நின்ற துப்பாக்கியை மட்டும் காட்ட நம்மிடம் இடமில்லை.

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அந்த எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஆங்கிலேயனின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நின்றது. உரிமம் இல்லாமல் இந்தியன் துப்பாக்கியைத் தொடக்கூடாது, வெள்ளைக்காரனுக்கோ விலக்கு! கோட்டுக்கு இப்பால் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் பாரதியார் 1908இலும், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இலும் புதுச்சேரி மண்ணை நாடி வந்தனர். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் மீது வாஞ்சிநாதன் சுட்ட கைத்துப்பாக்கியின் கதையும் புதுச்சேரியைத் தொட்டே செல்கிறது. ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை வகுப்பவன் எவனோ, அவனே ஆள்பவன். இது ஏட்டுப் பாடமல்ல. எல்லைக்கோட்டில் வாழ்ந்த மக்களின் பாடம்.

சரி, பழைய இராணுவத் துப்பாக்கி ஒன்றைக் கண்டால் அதை எப்படிப் படிப்பது?

நாம் சொல்வது தாழ்ப்பாள் துப்பாக்கிகளைப் பற்றி. போல்ட் ரைபிள் என்பார்கள். கதவுத் தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். ஒரு முறை தள்ளினால் ஒரு தோட்டா. ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டுகள் உலகத்துப் பட்டாளங்கள் எல்லாம் இந்தத் தாழ்ப்பாளை இழுத்துத்தான் போரிட்டன.

பிரெஞ்சுக்காரனின் வரிசையில் 1874ஆம் ஆண்டின் கிராஸ் மூத்தது. 11 மில்லிமீட்டர்த் தோட்டா, கரும்புகை கக்கும் மருந்து, ஒரு நேரத்தில் ஒரே குண்டு. அதன் பயனெட் கத்தியின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். எந்த ஆலை, எந்த மாதம், எந்த ஆண்டு என்று கையெழுத்தைப் போன்ற எழுத்தில் வெட்டியிருக்கும். சேந்த் எத்தியேன், ஷாத்தெல்ரோ, துல் என்பவை ஆலை இருந்த ஊர்கள்.

அடுத்தது 1886இன் லெபல். புகையில்லா மருந்தைப் போட்டுச் சுட்ட முதல் இராணுவ ரைபிள் இதுதான். இது வந்த அன்றே மற்ற நாடுகளின் துப்பாக்கிகள் எல்லாம் கிழடாகிப்போயின. அடையாளம் எளிது. மரம் இரண்டு துண்டு. நடுவே இரும்புப் பெட்டி. குழலுக்கு அடியில் மரத்துக்குள்ளே ஒரு நீண்ட குழாய். அதில் 8 தோட்டாக்கள். இரும்புப் பெட்டியின் இடப்பக்கத்தில் ஆலைப் பெயரும் 1886 என்ற மாதிரி ஆண்டும் பொறித்திருக்கும். பயனெட்டோ தட்டைக் கத்தியன்று. நான்கு முனை கொண்ட ஊசி.

அதன்பின் பெர்த்தியே. இதைத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1902இல் இந்தோசீனத்துப் பட்டாளத்தாருக்கென்று நீளம் குறைத்து ஒரு மாதிரி. 1907இல் செனகல் பட்டாளத்தாருக்கென்று இன்னொரு மாதிரி. அடிமை நாட்டானின் தோளையும் கையையும் அளவெடுத்து, அவன் தன் எசமானுக்காகச் சாவதற்கு ஏற்ற துப்பாக்கியைச் செய்து கொடுத்தார்கள்! இதைவிடத் தெளிவாக ஏகாதிபத்தியத்தை எந்தப் புத்தகம் விளக்கும்?

கடைசியாக மாஸ் 36. தாழ்ப்பாளின் கைப்பிடி முன்பக்கம் வளைந்திருக்கும். தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு கிடையாது. தோட்டா 7.5 மில்லிமீட்டர்.

எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயனின் லீ என்பீல்டு. நம் ஊர்க் காவலர் நாவில் 'த்ரீ நாட் த்ரீ'. மொட்டை மூக்கு, பத்துத் தோட்டாப் பெட்டி. கைப்பிடிக்குப் பின்னால் உள்ள இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தில் மகுடமும், ஜி.ஆர்.ஐ. என்ற மன்னன் முத்திரையும், ஆண்டும் இருக்கும். இஷாப்பூர் என்று இருந்தால் அது வங்கத்துத் தொழிலாளி செய்தது. விடுதலைக்குப் பின் மகுடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. ஒரே ஆலை, ஒரே கடைசல் பொறி, ஒரே தொழிலாளி. முத்திரை மட்டும் மாறிற்று. நாட்டின் விடுதலை ஓர் இரும்புப் பட்டையில் எழுதியிருக்கிறது!

போலியும் உண்டு. பெஷாவரை அடுத்த டாரா ஆதம்கேலில் பட்டறைக்காரர்கள் அரம் பிடித்தே என்பீல்டைச் செய்துவிடுவார்கள். எழுத்துத் தலைகீழாக நிற்கும். விக்டோரியா முத்திரையும் 1910 என்ற ஆண்டும் ஒன்றாக இருக்கும். விக்டோரியா 1901இலேயே மறைந்துவிட்டாள்! உண்மைப் பொருளா என்றறிய இன்னொரு வழி எண். குழலிலும் தாழ்ப்பாளிலும் எண் ஒன்றாயின் பிறந்த மேனி, வேறாயின் ஒட்டுப்போட்டது.

இப்படிப் படிப்பதை மேல்நாட்டில் பணம் படைத்தோர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். எண் பொருந்தினால் விலை ஏறும். சுவரில் மாட்டி அழகு பார்ப்பார்கள். 2003இல் நேபாளத்து அரண்மனையின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து பல்லாயிரம் துப்பாக்கிகளை வெளிநாட்டு வணிகர் வாங்கிக் கப்பலேற்றி ஒவ்வொன்றாக விற்றார்கள். கூர்க்கா ஏந்திய ஆயுதம் எங்கோ ஒரு சீமானின் வரவேற்பறைக்குப் போய்விட்டது.

அந்த வழி நமக்கு வேண்டாம். நம் சட்டமும் அதை விடாது. .303 தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள் சாதாரண உரிமத்துக்கு எட்டாத வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்குத் தருகிறது என்பது மெய். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. ஆகவே எங்கேனும் ஒரு பரணில் பாட்டன் விட்டுச்சென்ற ஏதாவது கிடைத்தால், தோழர்களே, தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்காதீர்கள். குழலில் குண்டு இருக்கக்கூடும். ஒளித்தும் வைக்காதீர்கள். காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

தெரிவித்த பின் என்ன ஆகும்? அங்கேதான் நம் குறை.

1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றது. அரண்மனை ஆயுதசாலை 1860களில் கலைக்கப்பட்டது. பொறுக்கியெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். மீதி? உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள்! டெல்டாவின் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்ததெல்லாம் எடைக்கல்லில் போயிற்று. அன்று செய்தவன் அந்நியன். இன்று செய்வது யார்? 2008 நவம்பரில் மும்பை இரயில் நிலையத்தில் எந்திரத் துப்பாக்கியோடு வந்த கொலைகாரருக்கு எதிரே நம் காவலர் சிலர் ஏந்தி நின்றது இந்தக் கிழட்டு .303. அதை உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில் அணிவகுப்போடு வழியனுப்பிற்று. வழியனுப்பியது சரி, ஏழைக் காவலனுக்கு நல்ல கருவி வேண்டும். ஆனால் உலைக்குள் தள்ளுமுன் முத்திரையைப் படித்தவர் யார்? எண்ணைக் குறித்தவர் யார்? வகைக்கு ஒன்றையேனும் எடுத்துவைக்க ஆணையிட்டவர் யார்?

"கொலைக் கருவியை வைத்துக் கும்பிடுவதா?" என்று சிலர் கேட்பார்கள். கும்பிடச் சொல்லவில்லை, குற்றக் கூண்டில் நிறுத்தச் சொல்கிறோம். 1936 ஜூலை 30ஐ மறந்துவிட்டோமா? எட்டுமணி வேலை கேட்ட புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி சுட்டது. 12 பேர் மடிந்தார்கள். அந்தக் குருதியின் விலையாகவே மறு ஆண்டு, 1937இல், தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறோம். மாலை வாடிவிடும். சுட்டவன் பிடித்த கருவி எப்படி இருந்தது, எவன் செய்தான், எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு நாம் எதைக் காட்டப்போகிறோம்?

சேந்த் எத்தியேனைப் பாருங்கள். லெபலைச் செய்த அதே தொழிலாளர் நகரம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் துப்பாக்கியும், மிதிவண்டியும், ரிப்பன் நெய்த தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. மூன்றும் உழைப்பாளியின் கைவேலை என்பதை அந்நகரம் மறைக்கவில்லை. செய்த ஊருக்கு இருக்கும் நினைவு, சுடப்பட்ட ஊருக்கு வேண்டாமா?

ஆகவே புதுச்சேரி அரசைக் கேட்கிறோம். காவல் கிடங்குகளிலும் நீதிமன்றக் கிடங்குகளிலும் உள்ள பழைய துப்பாக்கி ஒவ்வொன்றையும் உருக்குமுன் அறிந்தவரைக் கொண்டு படித்துப் பட்டியலிடுங்கள். முத்திரை, ஆண்டு, எண் மூன்றையும் எழுதுங்கள். வகைக்கு ஒன்றைச் சுடமுடியாதபடி செய்து காரைக்காலில் ஒரு கூடத்தில் வையுங்கள். தனியாக வைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் ஆலைத் தறியை நிறுத்துங்கள். சுவரில் 1936இல் மடிந்த பன்னிருவர் பெயரைப் பொறியுங்கள். நுழைவுக் கட்டணம் வேண்டாம். எழுத்தெல்லாம் தமிழில் இருக்கட்டும்.

திருநள்ளாற்றுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி அந்தக் கூடத்துக்கும் வரும். நெடுங்காட்டு உழவனும் திருமலைராயன்பட்டினத்து மீனவனும் தம் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். துப்பாக்கிக்கு முன் நின்ற தறி தோற்கவில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும்!